அறுபது நாளுக்குள் ஏதாவது நடந்ததா?

1

இந்தக் கதை ஓர் அவமானத்தில் பிறந்தது. பெரிய அவமானம் இல்லை. தொலைபேசியில் நடந்தது, யாரும் பார்க்கவில்லை.

நான் வாழும் அமெரிக்க மாநிலத்தில் சொந்தத் தொழில் செய்பவர்களும், முதலாளி காப்பீடு தராதவர்களும், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அக்கம்பக்கத்துக்கே விளங்காத என்னைப் போன்றவர்களும் மருத்துவக் காப்பீடு வாங்கப் போகும் இடம் மாநில அரசு நடத்தும் சந்தை. சந்தை என்றதும் தக்காளி, கருவாடு என்று எதையும் கற்பனை செய்யவேண்டாம். அது ஓர் இணையதளம். கூடவே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்குள் ஓயாமல் ஒரு புல்லாங்குழல். போன பிப்ரவரியில், அடுப்பில் வைத்த சாம்பார் கொதித்து, ஆறி, மறுபடி சூடாகும்வரை அந்தப் புல்லாங்குழலைக் கேட்டேன். வாங்கிய திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஜனவரி நடுவோட கதவை மூடியாச்சு சார். இனிமே நவம்பர்லதான் திறக்கும். நடுவுல வரணும்னா உங்க வாழ்க்கைல ஏதாவது நடந்திருக்கணும்."

"நடந்திருக்கணும்னா?"

"கல்யாணம், குழந்தை, வேற மாநிலத்துலேந்து குடிவந்தது, வேலையோட சேர்ந்து காப்பீடும் போனது, இந்த மாதிரி. கடைசி அறுபது நாளுக்குள்ள. ஏதாவது நடந்ததா?"

யோசித்தேன். நேர்மையாகவே யோசித்தேன்.

"ஒரு காப்பிக் கோப்பை உடைஞ்சது," என்றேன்.

"அது கணக்குல வராது சார்," என்றாள். குரலில் உண்மையான வருத்தம்.

கதை எழுதுகிறவனிடம் ஓர் அரசு ஊழியர் 'உங்கள் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை' என்று சான்றிதழ் தருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாம்பாரைக்கூட இறக்கிவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஏதாவது நடந்தால்தான் உள்ளே விடுவோம் என்பது கதைகளின் விதியும்தானே? அப்படியானால் மூடிய கதவுக்கு வெளியே ஒருத்தியை நிறுத்தினால் போதும். அவளுக்கு என்ன நடக்கவேண்டும் என்பது என் கையில்.

அப்படித்தான் வெர்னா ஸ்டிக்னி என்ற பெண்ணைப் பிப்ரவரிக் குளிரில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் அங்கே நிற்பதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

*வெர்னா தன் அக்குளில் அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தபோது அவள் கைகள் முழுக்க வேறொருவர் நாயின் சோப்பு நுரை—*

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே கட்டியைக் காட்டினால் நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் அக்குளைத் தடவிப் பார்ப்பீர்கள். (பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.)

இரண்டாவது:

*மாநிலச் சந்தையில் திட்டங்களுக்கு உலோகங்களின் பெயர். வெண்கலம் என்றால் மாதத் தவணை குறைவு, ஆனால் நோய் வந்தால் செலவில் பெரும்பகுதி உங்கள் தலையில். தங்கம் என்றால் தவணை கொள்ளை, நோய் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். வெள்ளி இரண்டுக்கும் நடுவில்—*

நகைக்கடைத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இது தேவைப்படும், கிடக்கட்டும்.

மூன்றாவது:

*வெர்னா வெள்ளி வாங்கினாள்.*

இது நல்ல வாக்கியம். இங்கிருந்தே போகலாம்.

வெர்னா வெள்ளி வாங்கினாள். டிசம்பர் மாதம், சமையலறை மேஜையில், பக்கத்தில் ஆல்டன் கிம்பல் ஆப்பிள் பை என்ற பலகாரத்தை நேராகத் தட்டிலிருந்தே தோண்டித் தின்றுகொண்டிருந்தபோது. டன்னிங்ஃபோர்டு ஊரில் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்புவது அவள் தொழில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார் கொட்டகைதான் கடை. ஆல்டன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். இருவரும் பல வருஷங்களாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வந்தது. அடுத்த வருஷம் நீங்கள் எவ்வளவு சம்பாதிப்பீர்கள்? அந்தப் பதிலை வைத்துத்தான் தவணையில் எவ்வளவை அரசு தாங்கும் என்று முடிவாகும்.

"அடுத்த வருஷம் எத்தன நாய் சேத்துல புரளும்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் வெர்னா.

"மழை ஜாஸ்தியா இருக்கும்னு போடு," என்றான் ஆல்டன் வாய் நிறையப் பலகாரத்தோடு.

"பொய் சொன்னா தண்டனைன்னு கீழ எழுதியிருக்கு."

"அது பொய் இல்ல, வானிலை."

(இங்கே ஒரு நிமிஷம். வராத வருஷத்தை எழுதச்சொல்லி, அது உண்மை என்று கையெழுத்தும் கேட்கிறார்கள். என் பதிப்பாளர்கூட என்னிடம் இவ்வளவு எதிர்பார்த்ததில்லை.)

வெர்னா தன் கற்பனையை எழுதினாள். சந்தை நம்பியது. பழைய கம்பெனி தவணையை ஏற்றியிருந்ததால், கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் மருத்துவர் பட்டியலில் இருக்கும் வேறொரு கம்பெனியின் வெள்ளித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் ஒரு பச்சை டிக் வந்தது. 'வாழ்த்துகள்' என்று இருந்தது. கணினியை மூடிவிட்டு, மிச்சமிருந்த பலகாரத்தை ஆல்டனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

3

தப்பு எங்கே நடந்தது என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெர்னாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் பதறுங்கள். தனியாகப் பதறி எனக்கு அலுத்துவிட்டது.

சந்தை பணம் வாங்காது. கடைகளைக் காட்டும், விலையைச் சொல்லும், அரசின் பங்கைக் கணக்குப் போடும், நீங்கள் தேர்ந்தெடுத்ததைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும். அதோடு சரி. முதல் தவணையை நீங்கள்தான் நேராகக் கம்பெனிக்குக் கட்டவேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் காப்பீட்டுக்கு உயிர் வரும். சேராவிட்டால் பச்சை டிக் வெறும் பச்சை டிக்.

பழைய கம்பெனிக்கு வங்கியிலிருந்து தவணை தானாகப் போய்க்கொண்டிருந்தது. புதிய கம்பெனிக்கும் அப்படியே போகும் என்று வெர்னா நினைத்தாள். ஜனவரியில் பணம் கழியாததைக்கூடக் கவனித்தாள். 'பரவாயில்லையே, அரசு முழுசாத் தாங்குது போல' என்று ஆல்டனுக்கு ஒரு புதுக் கையுறை வாங்கிக்கொடுத்தாள்.

கம்பெனி கடிதம் அனுப்பாமல் இல்லை. அனுப்பியது. ஆனால் இந்த நாட்டில் காப்பீட்டுக் கம்பெனிகள் வருஷம் முழுக்கக் கடிதம் அனுப்புகின்றன. எல்லாவற்றின் தலையிலும் கொட்டை எழுத்தில் 'இது பில் அல்ல' என்று இருக்கும். மருத்துவர் எவ்வளவு கேட்டார், நாங்கள் எவ்வளவு கொடுத்தோம், நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா சொன்னோம் என்று உள்ளே எழுதியிருக்கும். வருஷக்கணக்காக இதைப் படித்த ஜனங்கள் மெல்ல மெல்ல ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: இந்த மாதிரி உறையைத் திறக்கவேண்டாம். வெர்னாவும் அந்தப் பள்ளியில் தேறியவள்தான்.

ஒரே ஒரு உறைதான் பில். அதே வெள்ளை, முகவரி தெரியும் அதே சன்னல். அதை வெர்னா இரண்டாக மடித்து, ஒரு பூடில் நாயின் முடிக்குப்பையை அள்ளிக் கொட்டப் பயன்படுத்தினாள்.

4

நாய்களுக்கு முடி வெட்டுகிறவர்களின் விரல்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பு முழுக்கத் தடவித்தான் வேலை. ஆகவே கட்டிகளை முதலில் கண்டுபிடிப்பது அவர்கள்தான். 'விலாவுக்குக் கீழ ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிடுங்க' என்று எத்தனையோ பேரிடம் வெர்னா சொல்லியிருக்கிறாள். அன்றே கூட்டிப்போவார்கள். டன்னிங்ஃபோர்டில் பாதி நாய்களுக்குக் காப்பீடு உண்டு.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள், கொட்டகையில் சட்டை நனைந்து மாற்றும்போது, அதே விரல்கள் அவளுடைய அக்குளில் நின்றன. அழுத்திப் பார்த்தாள். நகரவில்லை. நகரும் கட்டியைவிட நகராத கட்டி மோசம் என்பது அவளுக்குத் தெரியும், நாய்களின் விஷயத்தில்.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் அட்டை எண்ணைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். வெர்னா கவுண்டருக்கு மேல் குனிந்தாள்.

"உங்க காப்பீடு உயிரோட இல்லைன்னு காட்டுதும்மா."

"இருக்காதே. பச்சை டிக் வந்துதே?"

"கம்பெனிகிட்ட கேளுங்க. இன்னிக்கு டாக்டரைக் கையிலேந்து காசு குடுத்துப் பாத்துடலாம். மத்ததெல்லாம் அப்புறம்."

மருத்துவர் தொட்டுப் பார்த்தார். முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அது அவர்கள் படிப்பில் சொல்லித்தருவது. "ஊசி போட்டு உள்ள இருக்கறத எடுத்துப் பாக்கணும். படமும் எடுக்கணும். பயப்பட வேண்டாம். ஆனா வசந்தம் வரட்டும்னு தள்ளிப்போட வேண்டாம்," என்றார்.

அந்த 'ஆனா'வை வெர்னா வீடு வரைக்கும் தன் வேனில் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஊசி, படம், அதற்குப் பின்னால் வரக்கூடியது எதையும் கைக்காசில் செய்வதென்றால் வேன், கொட்டகை, வீடு என்று வரிசையாக விற்கவேண்டும்.

5

டன்னிங்ஃபோர்டு நூலகத்தில் சந்தையின் வழிகாட்டி உட்காருவார். மாநிலம் சம்பளம் கொடுக்கிறது, ஜனங்களுக்கு இலவசம். பெயர் ஹாலிஸ். நெட்டையான மனிதர். அவருக்குக் கிடைத்த இடம் குழந்தைகள் மூலை. அதனால் முழங்கால் காதைத் தொடும்படி ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஊராரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எதிரில் இன்னொரு குட்டி நாற்காலியில் வெர்னா.

"முதல் தவணை போகலை மேடம்," என்றார் திரையைப் பார்த்து. மற்றதை அவர் விளக்கினார், உங்களுக்குத்தான் தெரியுமே. வெர்னா கேட்டுக்கொண்டே இருந்தாள். உறைகளைப் பற்றி அவர் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்ப கட்டறேன். அபராதம் போட்டும் கட்டறேன்."

"கெடு போயிடுச்சு. மேல்முறையீடு எழுதிப் போடறேன். ஆனா நம்பிக்கை வெக்காதீங்க."

"அப்ப நவம்பர்?"

"நவம்பர்ல வாங்கினா ஜனவரிலேந்து."

இருவருமே சுவரில் ஒட்டியிருந்த காகித யானையைப் பார்த்தார்கள்.

"இல்லைன்னா," என்றார் ஹாலிஸ், "உங்க வாழ்க்கைல ஏதாவது நடக்கணும்."

"கட்டி வந்திருக்கே. அது நடந்தது இல்லையா?"

ஹாலிஸ் பதில் சொல்ல முயன்றார். இந்த இடத்தில் அவருக்காக நான் ஐந்து வாக்கியங்கள் எழுதினேன். எல்லோரும் நோய் வந்த பிறகு வாங்கினால் சந்தை நிற்காது, அதனால்தான் கதவுக்குக் காலம் வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம். எல்லாமே சரியான வாக்கியங்கள். அவளுடைய முகத்துக்கு நேராக ஒன்றைக்கூட அவர் சொல்லமாட்டேன் என்றார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

"அது கணக்குல வராது மேடம்," என்று மட்டும் சொன்னார். பிறகு கல்யாணம், குழந்தை என்று பட்டியலைச் சொன்னார். கல்யாணம் என்றபோது, கட்டிக்கொள்கிறவருக்கு ஏற்கனவே காப்பீடு இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சின்ன ஊர். ஆல்டனுக்குப் பள்ளிக்கூடக் காப்பீடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

6

ஆல்டனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவனாக வந்துவிட்டான். வாசகர்கள் நம்பமாட்டீர்கள். அதனால் அவனுக்குச் சில குறைகள் கொடுத்தேன்: திறந்த அலமாரிக் கதவை மூடமாட்டான், பேருந்து எஞ்சினோடு பேசுவான், செய்த உதவியை மூன்று தரம் சொல்லிக்காட்டுவான். இப்போது கொஞ்சம் தேவலை.

ஊருக்கு நடுவில் ஒரு குளம். குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் பனியின் நடுவில் சிவப்பு வண்ணம் பூசிய பழைய பள்ளி மேஜை ஒன்றை வைப்பார்கள். பனி உடைந்து மேஜை எந்த நாள் முழுகும் என்று ஊரே பந்தயம் கட்டும். பெரும்பாலும் ஏப்ரல். மேஜை முழுகுகிற அன்று ஆல்டன் கரையில் நின்று வெர்னாவிடம் கேட்பான்: 'கட்டிக்கிறியா?' வெர்னா 'மாட்டேன்' என்பாள். இருவரும் போய்ப் பொரித்த மீன் தின்பார்கள். வருஷாவருஷம் இதுதான்.

ஏன் மாட்டாள்? வெர்னா ஏற்கனவே ஒரு முறை கட்டிக்கொண்டவள். பத்தொன்பது வயதில், ராணுவத்தில் இருந்த ஒருவனை. கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் முகாமில் வீடு தருவார்கள் என்று அவசரமாகக் கட்டிக்கொண்டார்கள். அதைப் பற்றி அவளே சொல்வாள். கொஞ்சம் பொறுங்கள்.

7

கொட்டகையில் வெர்னா ஒரு பெரிய கறுப்பு நாயைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மேஜை அளவு இருக்கும். பெயர் டச்சஸ். ஆல்டன் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு நேராக வந்தான்.

"ஹாலிஸ் என்ன சொன்னான்?"

"ஏதாவது நடக்கணுமாம்."

"என்ன நடக்கணும்?"

"குழந்தை பெத்துக்கலாம்."

"சாயங்காலம் எனக்கு வேலை ஒண்ணும் இல்ல."

"பல்லைக் காட்டாதே. இந்த வயசுல பெத்தா பேப்பர்ல போடுவான்."

"வேற?"

"வேற மாநிலத்துலேந்து குடிவரணும்."

"வேற?"

வெர்னா உலர்த்தும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினாள். டச்சஸின் காதுகள் கொடிபோல் பறந்தன. ஆல்டன் அதற்கு மேல் குரலை உயர்த்தினான்.

"பள்ளிக்கூட ஆபீஸ்ல விசாரிச்சேன். கட்டிக்கிட்டா அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலேந்து பொண்டாட்டி பேரும் ஏறிடுமாம். இந்த மாசத்துக்குள்ள பண்ணணும்."

இயந்திரம் நின்றது.

"பனி உடையல, ஆல்டன்."

"தெரியும்."

"நீ பனி உடையற அன்னிக்குத்தான் கேப்பே."

"நான் எங்க கேட்டேன்? தகவல் சொன்னேன்."

"தகவல்!" வெர்னா சீப்பை மேஜையில் போட்டாள். "யோவ், ஒரு தடவ வீட்டுக்காகக் கல்யாணம் பண்ணினவ நான். வீடு கிடைச்சுது. வீடு மட்டும்தான் கிடைச்சுது. இனிமே எதுக்காகவும் பண்ணமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"இது வீடு இல்லியே."

"வீட்டைவிட மோசம். கட்டில ஒண்ணும் இல்லைன்னு வந்தா, உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் 'இவனக் காப்பீட்டுக்குன்னு கட்டிக்கிட்டேன்'னு தோணும். இருக்குன்னு வந்தா..." நிறுத்தினாள். நாயின் முதுகில் கை வைத்துக்கொண்டாள். "இருக்குன்னு வந்தா, உனக்கு ஒரு நோயாளியக் கட்டிவெச்சேன்னு ஆகும்."

"நீ நோயாளி ஆனா, கல்யாணம் ஆகலைன்னு நான் பேருந்து ஏறி ஓடிடுவேனா?"

"பேருந்த நீதானே ஓட்டறே."

அவன் சிரிக்கவில்லை. நான் சிரிப்பான் என்று எழுதியிருந்தேன். சிரிக்கவில்லை.

"வெர்னா, இத்தன வருஷமா மாட்டேன் மாட்டேன்னு சொன்னே. ஒரு தடவையாவது ஏன்னு கேட்டேனா?"

"கேக்கல."

"அப்ப சரின்னு சொல்றதுக்கு மட்டும் உனக்கு ஏன் அவ்வளவு சுத்தமான காரணம் வேணும்?"

வெர்னா சொன்னாள்: "

மன்னிக்கவும். மேற்கோள் குறியைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் பேசவில்லை. டச்சஸ்தான் உடம்பை ஒரு உதறு உதறியது. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். ஆல்டன் ஒரு துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தான். அலமாரிக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனான்.

8

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாதம் முடியப்போகிறது. பல முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கம்பெனி மனம் இரங்கியது என்று ஒன்று. மேல்முறையீட்டை ஒரு நல்ல அதிகாரியின் மேஜைக்கு அனுப்பினேன். அவருக்கும் நாய் உண்டு என்றுகூட வைத்தேன். எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அவர் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வந்தது: 'உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது.' அதற்குப் பிறகு அவர் எழுந்து சாப்பிடப் போய்விடுகிறார்.

காத்திருந்தாள் என்று ஒன்று:

*நவம்பரில் கதவு திறந்தபோது வெர்னா—*

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கேயே கிடக்கட்டும். மிதித்துவிடாமல் தாண்டி வாருங்கள்.

இன்னொன்று, வெட்கத்தோடு சொல்கிறேன்:

*அது வெறும் கொழுப்புக் கட்டிதான்.*

எவ்வளவு சுலபம்! நாலே சொல்லில் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அன்று இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். மறுநாள் எடுத்துப் படித்தால் நம்ப முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தானே தெரியும். ஊசி போடக் காப்பீடு வேண்டும். இதுநாள்வரை என் கதைகளில் யார் மனதுக்குள்ளும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்திருக்கிறேன். அந்தச் சின்னக் கட்டிக்குள் மட்டும் எட்டிப்பார்க்க எனக்கு வழியில்லை. எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கும் அட்டையைக் காட்டினால்தான் கதவு.

மிச்சம் இருப்பது கல்யாணம். அதையும் எழுதினேன். பூ, கேக், ஹாலிஸ் நின்றபடி நடனம். (நின்றால் அவர் தலை பந்தலில் இடிக்கிறது.) ஆனால் ஒவ்வொரு பிரதியிலும் வெர்னா என்னைத்தான் பார்க்கிறாள், ஆல்டனை அல்ல. 'உனக்குக் கதை முடியணும்னு என்னைக் கட்டிவெக்கிறே, இல்ல?' என்று கேட்கிறாள். முகாம் வீட்டுக்காக ஒருவன், என் கதைக்காக இன்னொருவன் என்றால் எப்படி?

9

ஆகவே அவளை அவள் போக்கில் விட்டேன்.

மாதத்தின் கடைசி வேலைநாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வெர்னா மத்தியானம் கடையை மூடினாள். மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் உறையில் ஏதோ காகிதங்களை வைத்தாள். தன் கிழட்டு நாய் டீக்கனை வேனில் ஏற்றினாள். ஆல்டன் கேட்காமலேயே ஏறி உட்கார்ந்தான். எங்கே என்று அவனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேன் ஊர் அலுவலகத்தின் முன் நின்றது. ஆல்டன் சக்கரத்தில் ஒட்டிய பனியை உதைத்துக்கொண்டு வெளியே நின்றான். வெர்னா மட்டும் உள்ளே போனாள்.

எங்கள் ஊர்களில் நாய்க்கு உரிமம் தருகிறவரும் கல்யாணத்துக்கு உரிமம் தருகிறவரும் ஒரே ஆள், ஒரே கவுண்டர். டன்னிங்ஃபோர்டில் அது கோரா. வேண்டுமென்றால் கோராவே நின்ற இடத்தில் கல்யாணத்தையும் செய்துவைத்துவிடுவாள், அதற்கும் அவளிடம் முத்திரை இருக்கிறது.

"டீக்கனுக்குத்தானே? நல்லவேளை வந்தே. இன்னிக்கு விட்டா அபராதம்," என்றாள் கோரா. "தடுப்பூசிச் சீட்டு கொண்டாந்தியா?"

வெர்னா உறையிலிருந்து தடுப்பூசிச் சீட்டை எடுத்து வைத்தாள். உறை இன்னும் காலியாகவில்லை. கோரா அதைப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்தவள். மடிந்து பழுப்பேறிய விவாகரத்துத் தீர்ப்பின் ஓரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது தரம் கட்டிக்கொள்ள அது வேண்டும்.

"கோரா, ரெண்டு உரிமத்துக்கும் வித்தியாசம் என்ன?"

"நாய்க்கு வருஷாவருஷம் புதுப்பிக்கணும். மனுஷனுக்கு அது கிடையாது. வெச்சிருந்தா நிறையக் குடும்பம் பிழைச்சிருக்கும்." சொல்லிவிட்டுக் கோரா சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி, அந்த உறைய ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே?"

வெர்னா ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்த்தாள். பனிக்கு நடுவில் சிவப்பு மேஜை அசையாமல் நின்றது. ஏப்ரல் வரை அது எங்கேயும் போகாது.

ஆல்டன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கதவைத் திறந்தபடியே விட்டான். பனிக்காற்று கோராவின் காகிதங்களைக் கலைத்தது.

"கதவை மூடுய்யா," என்றாள் வெர்னா. அவன் மூடினான். "இங்க வா. கேளு."

"என்ன?"

"தகவல் சொல்லாதே. கேளு."

"பனி இன்னும் உடையலியே, வெர்னா."

"எனக்குக் கண்ணு தெரியுது. கேளு."

ஆல்டன் தொப்பியைக் கழற்றினான். வழக்கமாகக் கரையில் நின்று சத்தமாகக் கேட்கிறவன். காற்று அப்படி. இங்கே காற்று இல்லை. அதனால் அந்தக் கேள்வி, இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, மெதுவாக வந்தது.

"கட்டிக்கிறியா?"

கோரா பேனாவை எடுத்தாள். வேனில் டீக்கன் ஒரு முறை குரைத்தது. வெர்னா வாயைத் திறந்தாள்.

நான் இத்தோடு விலகிக்கொள்கிறேன். நான் எதை எழுதினாலும் என் கதைக்காகச் சொன்னாள் என்று ஆகிவிடும். நீங்கள் சொன்னால் அப்படி இல்லை. உங்களுக்கு அவளிடமிருந்து ஒன்றும் ஆகவேண்டியதில்லை. அவளை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

யோசிக்கவேண்டுமென்றால் யோசியுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். கோரா நாலு மணிக்குக் கதவை மூடிவிடுவாள்.